உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டி முக்கில் இரவு, பகல் வித்தியாசம் தெரியாது. மதுரைப் பக்கமிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் பழனிக்கு நடந்து போகிறவர்கள் பச்சை வேட்டியும் தோளில் பையுமாக வரிசை வரிசையாக வருவார்கள். சாலையோரத்தில் பந்தல் போட்டு மோரும் கஞ்சியும் கொடுப்பவர்கள் யாரிடமும் ஊர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. "உக்காருங்க சாமி, காலை நீட்டிக்கங்க" என்பதுதான் முதல் வார்த்தை.

இதே முக்கில், தை மாதம் இல்லாத ஒரு நாளில், கையில் ஒரு துணிப்பையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக ஒரு பெண் தனியாக வந்து இறங்கினால் முதல் வார்த்தை வேறு. எந்த ஊரு? புருஷன் எங்க? ஏன் தனியா வந்த? கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஓடி வந்த பெண்ணைப் பார்த்தால் அப்படிக் கேட்கத்தான் நாம் பழகியிருக்கிறோம். கடல் தாண்டி, நாடு தாண்டி ஓடிவந்த பெண்களிடமும் உலகம் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் சட்டத்தின் மொழியில்.

போர், வன்முறை, அடக்குமுறை காரணமாக வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் 2024 முடிவில் 12 கோடியே 32 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். அவர்களில் ஏறத்தாழப் பாதி பேர் பெண்களும் சிறுமிகளும். குண்டுக்குப் பயந்து ஓடுவதில் ஆண், பெண் வேற்றுமை இல்லை. ஆனால் பெண் என்ற ஒரே காரணத்துக்காக உடலின் மேல் ஏவப்படும் கொடுமைக்குத் தப்பி ஓடுகிறவர்களின் கதை தனி. கட்டாயத் திருமணம், பெண்ணுறுப்புச் சிதைப்பு, படையினரின் பாலியல் வன்முறை, கௌரவத்தின் பெயரால் கொலை மிரட்டல் எனக் காரணங்கள் பல. அப்படி வந்தவர்களைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்பதற்குப் பாடம் படிக்க ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போய், அங்கிருந்து நத்தம் சாலையைப் பிடித்தால் தோட்டனூத்து வந்துவிடும்.

தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்காகக் கட்டப்பட்ட 321 வீடுகளை 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய மூன்று முகாம்களில் இருந்த குடும்பங்களுக்கான வீடுகள் இவை. ஒவ்வொன்றும் சுமார் 300 சதுர அடி. கான்கிரீட் கூரை, சமையலறை, கழிப்பறை.

இந்தக் கடைசிச் சொல்லை ஆண்கள் எளிதாகக் கடந்து போய்விடலாம். பெண்களால் முடியாது. தமிழக முகாம்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் பத்துக்குப் பத்து அடி. தார் அட்டையோ தகரமோ கூரை. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு தட்டி. வளர்ந்த மகளும் மருமகனும் மாமியாரும் அந்த ஒரே அறையில். துணி மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்கள் வெளியே போக வேண்டும். கழிப்பறை பொதுவாக, தூரமாக, பல இடங்களில் தண்ணீரோ விளக்கோ இல்லாமல். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பதும், இருட்டிய பின் துணைக்கு ஒரு ஆளைத் தேடுவதும் பெண்களின் அன்றாடம். வன்முறைக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவளுக்கு அடைக்கலம் என்பது முதலில் நாலு சுவரும், உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவும்தான். 1990களில் வந்த குடும்பங்கள் அந்தக் கதவுக்காக முப்பது ஆண்டுகள் காத்திருந்தன.

1983 ஜூலைக் கலவரத்தோடு தொடங்கியது இலங்கைத் தமிழரின் இந்த வருகை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாவது அலை. 1995-96இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது மூன்றாவது. 2006இல் நான்காவது. மொத்தம் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் ராமேஸ்வரம், மண்டபம் கரைகளில் வந்து இறங்கினார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை வெள்ளைக்காரன் காலத்தில் தங்கவைத்து அனுப்பிய அதே மண்டபம் முகாம்தான் ஓடி வந்தவர்களையும் வரவேற்றது. இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்கிறார்கள்.

இவர்களில் பெண்கள் எதற்குத் தப்பி வந்தார்கள்? ஷெல்லடியும் விமானக் குண்டும் எல்லோருக்கும் பொது. சோதனைச் சாவடி பெண்களுக்குத் தனியான பயம். 1996 செப்டம்பர் 7 அன்று, கிருஷாந்தி குமாரசுவாமி என்ற யாழ்ப்பாண மாணவி பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிப் பகுதியில் இருந்த ராணுவச் சாவடியில் நிறுத்தப்பட்டார். அவர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் ராணுவத்தினருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அபூர்வமாகத் தண்டனை வரை போன வழக்கு அது. காவலில் நடந்த 75 பாலியல் வன்முறைச் சம்பவங்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. அவற்றில் ஆண்களும் உண்டு.

வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு அந்தக் காலத்தில் இரண்டு வழிகள்தான் தெரிந்தன. அவசரமாகக் கல்யாணம் செய்து வைப்பது, அல்லது படகு. படகில் ஏறி வந்த பலர் தமக்கு நடந்ததை இந்தக் கரையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. தமிழகத்துக்கு வந்த இலங்கைத் தமிழர் குடும்பம் குடும்பமாகவே பதிவு செய்யப்பட்டார்கள். 'நீ ஏன் ஓடி வந்தாய்?' என்று ஒவ்வொரு பெண்ணையும் தனியே உட்கார வைத்துக் கேட்கும் முறை இங்கே இல்லை. அதில் ஒரு நன்மை இருந்தது: எவளும் தன் காயத்தைக் காட்டித்தான் உள்ளே வர வேண்டும் என்ற நிலை இல்லை. ஒரு பெரிய குறையும் இருந்தது: காயம் இருந்தவளுக்கு அதற்கென்று மருந்தும் கிடைக்கவில்லை.

கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன பெண்களின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே எல்லாம் தனித்தனி விசாரணை. கதையைச் சொன்னால்தான் கதவு திறக்கும். சொன்னாலும் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டுமே?

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, அடைக்கலம் கேட்க ஐந்து காரணங்களை ஏற்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. பட்டியலில் 'பெண்' இல்லை. உடன்படிக்கையை எழுதியவர்கள் மனதில் இருந்தது, அரசை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் பயந்து ஓடும் மனிதர். அடித்துக் கொல்லப்போகும் கணவனுக்கோ, கத்தியோடு காத்திருக்கும் அண்ணனுக்கோ பயந்து ஓடுகிறவள் அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை. அது 'குடும்ப விஷயம்' என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் சட்டகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தியது பெண்களின் வழக்குகள்தான். 1993 மார்ச்சில், நூர்ஜெஹான் மவானி தலைமையில் இருந்த கனடாவின் குடிவரவு, அகதிகள் வாரியம், பாலினக் கொடுமைக்குத் தப்பி வரும் பெண்களை எப்படி விசாரிப்பது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அப்படிச் செய்த முதல் நாடு கனடா. 1999இல், கணவர்களால் விரட்டப்பட்டு, நடத்தை கெட்டவர்கள் என்று பழிசுமத்தப்பட்ட இரண்டு பாகிஸ்தான் பெண்களின் வழக்கில், அந்நாட்டில் பெண்கள் என்பதே ஒரு 'சமூகக் குழு' ஆகலாம் என்று பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 2002இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் தன் சொந்த நெறிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. தாலிபான் ஆட்சியில் ஆப்கானியப் பெண்களின் மேல் குவிந்துள்ள தடைகளே துன்புறுத்தல்தான். அந்நாட்டவர், பெண் என்ற இரண்டையும் பார்த்தாலே அடைக்கலத்துக்குப் போதும், தனக்கு மட்டும் நேர்ந்த தனி ஆபத்தை ஒவ்வொருத்தியும் நிரூபிக்கத் தேவையில்லை என்றது.

இந்த வரிசையில் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கதையை நின்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைச் சேர்ந்த ஃபௌசியா கசிஞ்சா. அப்பா இருந்தவரை படித்தாள். அப்பா இறந்ததும், தன்னைவிடப் பல வயது மூத்த ஒருவருக்கு இன்னொரு மனைவியாகக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்தது. அதற்கு முன் உறுப்புச் சிதைப்பு. அக்காவின் உதவியோடு ஓடியவள் 1994 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கி, அடைக்கலம் வேண்டும் என்று தானே சொன்னாள். கிடைத்தது சிறை. ஒரு வருடத்துக்கும் மேல் அடைத்து வைத்தார்கள். அவளுக்காக முதலில் வாதாட வந்தவர் லெய்லி மில்லர் என்ற சட்ட மாணவி. முதல் சுற்றில் தோல்வி. 1996 ஜூனில், உறுப்புச் சிதைப்புக்குப் பயந்து வருவதும் அடைக்கலத்துக்கு உரிய காரணமே என்று மேல்முறையீட்டு வாரியம் ஏற்றது. அமெரிக்காவில் இதற்குப் பிறகு வந்த இத்தகைய பல வழக்குகளுக்கு இதுதான் முன்னுதாரணம். அந்தச் சட்ட மாணவி 1997இல் தாஹிரி நீதி மையத்தைத் தொடங்கினார். வன்முறைக்குத் தப்பி வரும் புலம்பெயர்ந்த பெண்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் அமைப்பு அது. இன்றும் இயங்குகிறது.

சட்டத்தில் இடம் கிடைத்தாலும், விசாரணை அறையில் இன்னொரு சுவர் இருக்கிறது. மொழி.

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்த ஒரு பெண், "ஆமிக்காரர் கரைச்சல் குடுத்தவங்கள்" என்று சொன்னால் அங்கே எல்லோருக்கும் புரியும். கரைச்சல் என்றால் தொல்லை. எந்தப் பெண், எந்தக் குரலில், எங்கே பார்த்துக்கொண்டு சொல்கிறாள் என்பதைப் பொறுத்து அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதும் புரியும். தமிழ்நாட்டில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல்லே புதிது. அவர் அதைச் 'சிரமம் கொடுத்தார்கள்' என்று பெயர்த்தால், விசாரணை அதிகாரி அதை ஒரு சின்ன சோதனை என்று குறித்துக்கொள்வார். 'கெடுத்துட்டாங்க', 'நாசமாக்கிப் போட்டாங்கள்', 'மானம் போச்சு' என்ற சொற்களைத் தாண்டி எந்தத் தமிழ்ப் பெண்ணும் எளிதில் பேசுவதில்லை. அறையில் மொழிபெயர்ப்பாளர் ஆணாக இருந்தால் அதையும் பேச மாட்டாள். பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தால் சுத்தமாக வாய் மூடிவிடுவாள். ஆறு மாதம் கழித்து, ஒரு பெண் மருத்துவரிடம் முதல்முறையாக அழுதுகொண்டே முழுக் கதையையும் சொன்னால், 'முதலில் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறாய், இட்டுக்கட்டியதா?' என்று கேள்வி வரும்.

மன அதிர்ச்சிக்கு உள்ளானவர்களின் நினைவு நாட்காட்டி போல வரிசையாக நிற்பதில்லை. தேதி மறந்து போகும். அந்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்த லாந்தரின் மண்ணெண்ணெய் வாசம் மறக்காது. இதைப் புரிந்துகொண்டுதான் ஐ.நா.வின் நெறிகள் சில எளிய ஏற்பாடுகளை வலியுறுத்துகின்றன. பெண்ணைக் குடும்பத்தாரிடமிருந்து தனியாக வைத்துப் பேசுங்கள். விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருக்கட்டும். கணவனின் மனுவுக்குள் அவளை அடக்காமல், அவளுக்கென்று தனி மனு போடலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னதால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். செலவு அதிகம் வைக்காத ஏற்பாடுகள்தான் இவை. ஆனால் ஒரு வழக்கின் தலையெழுத்தையே மாற்றக்கூடியவை.

இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. இருந்தும் வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. அகதி என்று சொல்லி வரும் வெளிநாட்டவரை எப்படிக் கையாள்வது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2011 டிசம்பரில் ஒரு நடைமுறையை வகுத்தது. துன்புறுத்தலுக்கான காரணங்களாக இனம், மதம் ஆகியவற்றோடு 'பாலினம்' என்பதையும் அது நேரடியாகவே குறிப்பிடுகிறது. ஐ.நா. உடன்படிக்கையில் இல்லாத சொல் நம் அரசின் தாளில் இருக்கிறது. தாளில் இருப்பதை விசாரிக்கும் அதிகாரிக்கும், கேட்டு வரும் பெண்ணுக்கும் தெரியப்படுத்த வேண்டிய வேலைதான் பாக்கி.

முகாமுக்குள் வந்துவிட்டால் வன்முறை முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்க முடியாது. வேலை இல்லாத ஆண், அதிகரிக்கும் குடி, பத்துக்குப் பத்து அறை. அடி வாங்குகிறவள் எங்கே போவாள்? பிறந்த வீடு கடலுக்கு அப்பால். காவல் நிலையம் என்றாலே முகாம்வாசிகளுக்குத் தங்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீஸ்தான் நினைவுக்கு வரும். புகார் கொடுத்தால் கணவனைச் சிறை போன்ற சிறப்பு முகாமில் போட்டுவிடுவார்களோ, தன் பதிவுக்குச் சிக்கல் வருமோ, மாதாமாதம் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வரும் 'செக்கிங்' நாளில் கேள்வி கிளம்புமோ என்ற பயம். பணமும் ஒரு கயிறுதான். 2021இல் தமிழக அரசு மாத உதவித்தொகையை உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்றானது. தலைவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ஆண் பெயர் இருக்கும் வீட்டில், பிரிந்து போக நினைக்கும் பெண் முதலில் தன் பெயரைத் தனி அட்டைக்கு மாற்றியாக வேண்டும்.

இதை உணர்ந்துதான் 2001இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் அகதிப் பெண்களுக்கு ஐந்து உறுதிமொழிகளைக் கொடுத்தது. முகாம் குழுக்களில் பெண்களுக்குச் சம இடம், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரில் பதிவும் ஆவணமும், உணவு விநியோகத்தில் பெண்களின் கை, பாலியல் வன்முறைக்கு எதிரான திட்டம், மாதவிலக்குத் துணிகள். கடைசியில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், நடுக்கடலில் இரண்டு நாள் படகில் கழித்த ஒரு பெண்ணிடம் கேட்டுப் பார்க்கலாம்.

முகாம்களில் நீண்ட காலம் உழைத்த அமைப்புகள் இந்தப் பாடத்தைத் தம் வழியிலேயே கற்றன. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி.சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகள் சுருக்கமாக 'ஒஃபர்' என்று சொல்வது, அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு. முகாம் பெண்களையே சுகாதாரப் பணிக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் பயிற்றுவித்தது. அதே பேச்சு வழக்கு, அதே கடலைத் தாண்டி வந்த அனுபவம். 'கரைச்சல்' என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓடி வந்த பெண்ணுக்குக் கதவு திறந்த மரபு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 1930இல் தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்ட விடுதி மறுத்துவிட்டது. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். அந்தச் சிறுமிகளிடம் ஆதாரம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது.

இன்று சட்டம் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தருவது 'குடிமக்களுக்கு' என்று சொல்லவில்லை, 'எந்த நபருக்கும்' என்கிறது. இதை வைத்துத்தான் 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளை உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாதிக்கப்பட்டவர் என்பதற்கு 'எந்தப் பெண்ணும்' என்றுதான் விளக்கம் தருகிறது. இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களின் பட்டியலிலும் 'பெண்' என்று மட்டுமே இருக்கிறது. வருமான வரம்பு கிடையாது. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு முகாம் பெண்ணும் போகலாம், செம்பட்டிப் பெண்ணும் போகலாம். 2015இல் தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டம் மருத்துவம், காவல் உதவி, சட்ட ஆலோசனை, மன ஆலோசனை, சில நாள் தங்கும் இடம் என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தர ஏற்பட்டது. அதற்கான வழி 181 என்ற மூன்று எண்கள். இந்த எண்ணை முகாமின் குழாயடியில் எழுதி வைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

கூரை, பாதுகாப்பு, அதற்கு அடுத்தது காகிதம். ஒரு பெண் தன் பெயரில் ஆவணம் வைத்திருப்பது என்ன செய்யும் என்பதற்குத் திருச்சியில் ஒரு சாட்சி உண்டு. நளினி என்பவர் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிறவர். பாஸ்போர்ட் கேட்டார், மறுக்கப்பட்டது. இந்தியாவில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பாஸ்போர்ட் வந்தது, பிறகு வாக்காளர் அட்டை. 2024 ஏப்ரல் 19 அன்று நளினி திருச்சியில் வாக்களித்தார். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வாக்களித்த முதல் நபர் என்று பத்திரிகைகள் எழுதின. பிறப்புச் சான்றிதழ் ஒன்று, சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், விடாமல் அலையும் ஒரு பெண். மூன்றும் சேர்ந்ததால் நடந்தது. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த வரி உதவாது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. அது நிம்மதி. குடியுரிமை இன்னும் இல்லை.

சரி, சட்டமும் அரசும் கைவிட்டால்? அப்போது ஒரு ஊர் என்ன செய்ய முடியும் என்பதை ஆஸ்திரேலியாவின் பிலோயிலா காட்டியது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். இறைச்சித் தொழிற்சாலை, நிலக்கரி, பண்ணைகள். செம்பட்டியைப் போலவே, வேறெங்கோ போகிறவர்கள் கடந்து போகும் ஊர். அங்கே குடியேறியவர்கள் பிரியா, நடேஸ் என்ற ஈழத் தமிழ்த் தம்பதி. இலங்கையில் தன் வருங்காலக் கணவர் கண்ணெதிரே எரித்துக் கொல்லப்பட்டதாகப் பிரியா சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு 2013இல் படகில் போனவர். இரண்டு மகள்கள் அங்கேயே பிறந்தார்கள். 2018 மார்ச் 5 விடிகாலையில் அதிகாரிகள் வந்து, உடுத்திய துணியோடு அவர்களைக் கூட்டிப் போனார்கள். அடைக்கல மனுக்கள் தோற்றிருந்தன. 2019 ஆகஸ்டில் விமானத்தில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பும்போது, பாதி வழியில் நீதிபதியின் தடை உத்தரவு வந்தது. விமானம் டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவின் தடுப்பு முகாம்.

பிரியாவின் வழக்கைப் பாலின வன்முறை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. ஆனால் ஊர் அவருக்குச் செய்ததில் எல்லோருக்கும் பாடம் உண்டு. ஆஞ்சலா ஃபிரெட்ரிக்ஸ் என்ற சமூகப் பணியாளரும் சில தோழிகளும் 'பிலோயிலா வீட்டுக்குத் திரும்பட்டும்' என்று இயக்கம் தொடங்கினார்கள். பெரும்பாலும் பழமைவாதக் கட்சிகளுக்கு வாக்களிக்கும் ஊர் அது. அகதிகளுக்கு ஆதரவாகப் பேசியே பழக்கமில்லாதவர்கள், 'இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்' என்ற ஒரே வாதத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. நான்கு ஆண்டுகள் விடவில்லை. 2022 ஜூன் 10 அன்று அந்தக் குடும்பம் பிலோயிலா திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா. இவர்களைத் தெரியும், இவர்கள் எங்களோடு இருந்தவர்கள் என்று பெயர் சொல்லி அழைத்த அண்டை வீட்டார்தான் அங்கே அவர்களுக்கு அரண்.

திண்டுக்கல் மாவட்ட முகாம்களைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கும் இதில் செய்ய நிறைய இருக்கிறது. முகாம் பிள்ளையோடு நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மாவையும் அழைத்து உட்கார வைப்பது. தையல், நர்சிங் படித்த பெண்ணுக்கு 'முகாம் ஆள்' என்று தயங்காமல் வேலை கொடுப்பது. வீட்டு வாசலில் வந்து நிற்பவளை 'சிலோன்காரி' என்று சொல்லாமல் பெயர் கேட்டுக் கூப்பிடுவது. அக்கா என்றோ தங்கச்சி என்றோ அழைக்கும் ஒரு வார்த்தை, விசாரணை அறைகளில் பல வருடம் உட்கார்ந்தாலும் கிடைக்காத ஒன்றைத் தரும்.

கடைசி பஸ்ஸில் இறங்கிச் செம்பட்டி டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கடல் தாண்டி வந்தவளாக இருக்கலாம். பக்கத்து ஊரில் சாதி மாறிக் காதலித்ததற்காக அண்ணன்மாருக்குப் பயந்து ஓடி வந்தவளாகவும் இருக்கலாம். குழந்தைக்கு ஒரு டம்ளர் பால், அவளுக்கு ஒரு டீ. கூட்டம் கூடி நின்று பார்க்க வேண்டாம். கடைக்காரர் தன் வீட்டுப் பெண்கள் யாரையாவது வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். 181க்கு அடித்துச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை அந்த அம்மா அங்கேயே இருக்கட்டும். எந்த ஊரு, புருஷன் எங்க என்பதையெல்லாம் யாரும் இன்றிரவு கேட்க வேண்டாம்.